லாஸ்பேட்டைக்கு ஏன் பாரிஸ் விமானம் வருவதில்லை?

எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் அதிகம். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்திருப்பார், பேரன் பாரிஸில் வேலை பார்ப்பான். அவன் லீவு முடிந்து திரும்பும்போது ராத்திரியில் டாக்ஸி வைத்து, ஈசிஆரில் 150 கிலோமீட்டர் போலப் போய், சென்னையில் விமானம் ஏறுவான். வழியனுப்ப வந்தவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அதான் லாஸ்பேட்டையிலேயே ஏர்போர்ட் இருக்கே, இங்கேயே வந்தா என்னவாம்?"

வராது. லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். பாரிஸ் வரை போகிற பெரிய விமானம் நிறைந்த சுமையோடு கிளம்ப அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும்.

விமானத்தின் எடை முழுவதையும் தாங்குவது இறக்கை. அதன் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோ சுமக்கிறது என்று பார்த்தாலே அந்த விமானத்தின் குணம் தெரிந்துவிடும். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு ஓட்டிவந்த புஸ் மாத் விமானத்துக்கு அது 50 கிலோகூட இல்லை. காற்றாடி மாதிரிதான். அதனால் ஜூஹூவின் மண் திடலே அதற்குப் போதுமானதாக இருந்தது. மழைக்காலத்தில் திடல் தண்ணீரில் மூழ்கியதும் பூனாவுக்கு ஜாகை மாற்றிக்கொண்டார்கள். (ஜே.ஆர்.டி. பாரிஸில் பிறந்தவர், 1929 வரை பிரெஞ்சுக் குடிமகன், பிரெஞ்சுப் படையிலும் ஒரு வருடம் இருந்தவர். எங்கள் ஊர்க் கணக்குப்படி அவரும் சொல்தாதான்.)

அந்தத் தபால் கம்பெனிதான் 1946ல் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8 அன்று கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. 1960ல் போயிங் 707, 1971ல் ஜம்போ. ஒரு டன்கூட இல்லாத புஸ் மாத்தில் தொடங்கி நாற்பதே வருடத்தில் 300 டன்னைத் தாண்டியாயிற்று.

இன்றைய கணக்குக்கு வருவோம். 2024 டிசம்பரில் இண்டிகோ லாஸ்பேட்டைக்குக் கொண்டுவந்தது ஏடிஆர் 72 என்ற, விசிறி வைத்த சிறிய விமானம். முழு எடை 23 டன், இறக்கையின் சதுர மீட்டருக்கு 375 கிலோ போல. தொலைதூரம் பறக்கும் போயிங் 777-300இஆர் 350 டன், சதுர மீட்டருக்கு 800 கிலோ.

சரி, பெரிய விமானத்துக்கு இன்னும் பெரிய இறக்கை வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவ்வளவு இறக்கை தேவைப்படாது. மிச்ச இறக்கை பத்து மணி நேரமும் காற்றோடு மல்லுக்கட்டி எரிபொருளைத் தின்னும். அதனால் இறக்கையை அளவோடு வைத்துவிட்டு, அந்தக் குறையைத் தரையில் வேகமாக ஓடி ஈடுகட்டுகிறார்கள்.

அங்கேதான் சிக்கல். நொடிக்கு நொடி ஒரே சீராக, நொடிக்கு 2 மீட்டர் வீதம் வேகம் கூட்டுகிற விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பும் என்றால் 900 மீட்டர் ஓட வேண்டும். 288ல்தான் எழும்பும் என்றால் 1,600 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தூரம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான்.

இதோடும் முடியவில்லை. ஓடும்போது பாதியில் ஓர் இன்ஜின் நின்றுபோனால்? ஒரு குறிப்பிட்ட வேகம் வரை பிரேக் போட்டு ஓடுபாதைக்குள்ளேயே நிற்க முடிய வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் மிச்ச இன்ஜினை வைத்தே எழும்ப முடிய வேண்டும். இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் ஓடுபாதை நீளத்தைக் கணக்கிடுகிறார்கள்.

அப்புறம் நம் வெயில். கத்திரியில் 40 டிகிரி தொடும்போது காற்று, 15 டிகிரிக் காற்றைவிட 8 சதவீதம் போல லேசாகிவிடும். அதே எடையைத் தூக்க இன்னும் வேகம் வேண்டும். இன்ஜினுக்கும் காற்று குறைவதால் அதுவும் சோர்ந்துபோகும். மே மாத மதியத்தில் ஓடுபாதை தானாகவே குட்டையாகிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

எடையில் ஒரு பெரிய பங்கு எரிபொருள். 777 மணிக்கு 7, 8 டன் குடிக்கும். பாரிஸுக்குப் பத்து மணி நேரம் என்றால் எழுபது டன்னுக்கு மேல், அதாவது முழுச் சுமையோடு மூன்று ஏடிஆர். ஏடிஆருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் விசிறி நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது, அதனால் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே நல்ல இழுவை கிடைத்துவிடுகிறது.

ஓடுபாதை நீண்டாலும் இன்னொரு பூட்டு இருக்கிறது. 1944 சிகாகோ ஒப்பந்தப்படி ஒரு நாட்டின் வான்வெளி அந்த நாட்டுக்கே சொந்தம். எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை முறை என்பதை இரண்டு அரசுகள் பேசி முடிக்க வேண்டும். பறக்கிற கம்பெனியும் பொதுவாக அந்தந்த நாட்டாருடையதாக இருக்க வேண்டும். போருக்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் கொடி தாங்கிய விமானம் வேண்டும் என்று கிளம்பியதற்கு கௌரவம் மட்டும் காரணமில்லை, இந்த விதியும்தான். 1948ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனலில் அரசு 49 சதவீதம் பங்கு எடுத்தது, 1953ல் மொத்தத்தையும் தேசியமயமாக்கியது. 2022 ஜனவரியில் அது டாட்டாவிடமே திரும்பிப் போனது.

லாஸ்பேட்டை ஓடுபாதையை நீட்டும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. பாரிஸுக்காக அல்ல, கொஞ்சம் பெரிய ஜெட் இறங்கினால் போதும் என்றுதான். அதற்கு வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.