பணம் செலவான பிறகு: அரசின் கணக்கை நாடாளுமன்றம் எப்படிப் பார்க்கிறது?

அரசுப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கழிப்பறை கட்டித் தருவதென்று 2014-இல் மத்திய அரசு முடிவு செய்தது. கெடு ஒரே ஆண்டு. 53 பொதுத்துறை நிறுவனங்கள் அந்த வேலையில் இறங்கின, 1,40,997 கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்கும் வந்தது. சில ஆண்டுகள் கழித்து, நாட்டின் தலைமைத் தணிக்கை அதிகாரியான சிஏஜியின் ஆட்கள், அதிகமாகக் கட்டிய 7 நிறுவனங்களின் பட்டியலிலிருந்து 2,695 கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்து, 15 மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்தார்கள். 83 கட்டப்படவே இல்லை. இன்னும் 200 காகிதத்தில் இருந்தன, பள்ளியில் இல்லை. 86 அரைகுறையாக நின்றன. கட்டி முடித்தவற்றிலும் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை.

தண்ணீர் வராத கழிப்பறையை ஒரு மாணவி எப்படிப் பயன்படுத்துவாள்? கணக்குப் புத்தகம் இந்தக் கேள்வியைக் கேட்காது. அதில் ஒப்பந்தம், ரசீது, பணம் கொடுத்த தேதி எல்லாம் ஒழுங்காகவே இருக்கலாம். அதனால்தான் தணிக்கையில் மூன்று வகை வைத்திருக்கிறார்கள். எண்கள் சரியா என்று பார்ப்பது ஒன்று. விதிப்படி செலவு நடந்ததா என்று பார்ப்பது இன்னொன்று. எதற்காகச் செலவு செய்தார்களோ அது நடந்ததா என்று பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதற்குச் செயல்திறன் தணிக்கை என்று பெயர். கழிப்பறை விவகாரம் வெளியே வந்தது இதனால்தான். அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

சரி, பணம் செலவாவதற்கு முன்பே நாடாளுமன்றம் தடுத்திருக்கலாமே என்று தோன்றும். சட்டப்படி அந்த அதிகாரம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 266-ஆவது பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காமல் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் வரியும் கடனும் போய்ச் சேரும் பொதுக் கணக்கிலிருந்து, ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று மானியக் கோரிக்கை வைக்க வேண்டும், மக்களவை அதன்மேல் வாக்களிக்க வேண்டும். பட்ஜெட்டின் மிகப் பெரிய ஒற்றைச் செலவான வட்டி உள்ளிட்ட சிலவற்றுக்கு வாக்கெடுப்பு கிடையாது. அவற்றைப் பற்றிப் பேசலாம், குறைக்க முடியாது. மற்றவற்றை எதிர்த்து உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். ஒரு துறையின் கொள்கையே தவறு என்றால் அதன் ஒதுக்கீட்டை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம், ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் 100 ரூபாய் வெட்டச் சொல்லலாம்.

நடப்பது வேறு. வெட்டுத் தீர்மானம் ஒன்று வென்றால் அரசு பெரும்பான்மையை இழந்ததாகப் பொருள். எனவே ஆளும் கட்சி கொறடா ஒருவரையும் மாற்றி வாக்களிக்க விடமாட்டார். அத்தனை அமைச்சகங்களையும் விவாதிக்க அவைக்கு நேரமும் இல்லை. சிலவற்றை மட்டும் எடுத்துப் பேசுவார்கள், மீதியைக் கடைசி நாளில் ஒரே மூச்சில் வாக்குக்கு விடுவார்கள். இதற்குக் ‘கில்லட்டின்’ என்று பெயர். 2018 மார்ச் 14 அன்றும் 2023 மார்ச் 23 அன்றும் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் அவை அமளிக்கு நடுவே நிறைவேறின. 2023-இல் அப்படிப் போனது சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட். துறைவாரியான 24 நிலைக்குழுக்கள் பட்ஜெட் விடுமுறையில் இதே கோரிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படிக்கின்றன, அது நல்ல வேலைதான். ஆனால் அவர்கள் எழுதுவது பரிந்துரை மட்டுமே, அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

ஆகவே உண்மையான கண்காணிப்பு பெரும்பாலும் பணம் போன பிறகுதான் நடக்கிறது. அதற்கு அடித்தளம் சிஏஜி. அவருடைய சம்பளத்தை நாடாளுமன்றம் வாக்கெடுத்துக் குறைக்க முடியாது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான வழியில்தான் அவரையும் நீக்க முடியும். ஓய்வுக்குப் பிறகு அவர் எந்த அரசுப் பதவியும் ஏற்கக்கூடாது. இவ்வளவு பாதுகாப்பும் கொடுத்துவிட்டு, ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அரசின் கையிலேயே விட்டிருக்கிறார்கள். தணிக்கைக்கு உள்ளாகும் தரப்பே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கிறது. எதிர்க்கட்சித் தலைவரும் இடம்பெறும் ஒரு தேர்வுக் குழு இதற்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிஏஜி அறிக்கை அவையில் வைக்கப்பட்டதும் பெரும்பாலும் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. 1921-இலேயே தொடங்கிய குழு இது. இப்போது 22 உறுப்பினர்கள், மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. கட்சிகளின் பலத்துக்கு ஏற்ற விகிதத்தில் தேர்தல் நடப்பதால் ஆளும் கட்சிக்குத்தான் இடம் அதிகம், ஆனால் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு. இந்த மரபு 1967-இல்தான் வந்தது. ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த மினு மசானி அப்படி அமர்ந்த முதல் தலைவர். 1971 முதல் 1973 வரை தி.மு.க.வின் இரா. செழியன் அந்த நாற்காலியில் இருந்தார்.

குழுவின் முன்னால் சாட்சியாக வந்து உட்காருபவர் துறையின் செயலாளர். அமைச்சரை அழைப்பதில்லை. இதை அமைச்சருக்குக் கிடைத்த சலுகையாகப் பார்க்க வேண்டாம், அதற்குள் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. அமைச்சர் வந்தால் பேச்சு கொள்கைக்குத் தாவிவிடும், கொள்கை என்றதும் உறுப்பினர்கள் கட்சிகளாகப் பிரிந்துவிடுவார்கள். கொள்கை சரியா தவறா என்பது இந்தக் குழுவின் வேலை இல்லை. ‘பள்ளிக்குக் கழிப்பறை வேண்டுமா’ என்று அது கேட்காது. ‘கட்டியதாகச் சொன்னீர்களே, எங்கே?’ என்று கேட்கும். இப்படிப்பட்ட கேள்வியில் ஆளும் கட்சி எம்.பி.யும் எதிர்க்கட்சி எம்.பி.யும் ஒரே பக்கம் நிற்க முடிகிறது. கூட்டத்தில் சிஏஜியும் உடன் இருப்பார். செயலாளர் ஒரு பதில் சொன்னால், கோப்பில் இருப்பது அதுதானா என்று உடனே சரிபார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. கேள்விகளைத் தயாரிக்கும்போதே அவருடைய அலுவலகம் உதவுகிறது. பணம் அனுமதித்த தொகையைத் தாண்டிச் செலவாகியிருந்தால் அதையும் இந்தக் குழுதான் முதலில் ஆராய வேண்டும். அதற்குப் பிறகே கூடுதல் செலவுக்கு அவை ஒப்புதல் தரும்.

ஒருமித்த முடிவு என்ற இந்த வழக்கம் உடைந்தால் குழுவுக்குப் பலமே இல்லை. 2011 ஏப்ரலில் 2ஜி அலைக்கற்றை பற்றிய வரைவு அறிக்கையில் அப்படி உடைந்தது. தலைவர் முரளி மனோகர் ஜோஷி கூட்டத்தை விட்டு வெளியேறினார். இருந்த உறுப்பினர்கள் வேறொருவரைத் தலைவராக அமர்த்தி வரைவை நிராகரித்தார்கள். மாதக்கணக்கில் எடுத்த சாட்சியங்கள் கட்சிச் சண்டையாக முடிந்தன.

பொதுத்துறை நிறுவனங்களின் கதை தனி. அவை தங்கள் வருமானத்தில் செலவு செய்கின்றன, அந்தச் செலவுக்கு மானியக் கோரிக்கை வைப்பதில்லை. அப்படியானால் அவற்றை யார் கேட்பது? இந்தக் கேள்வியை நாட்டின் முன் வைத்தது முந்த்ரா விவகாரம். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. பிறந்தது. அடுத்த ஆண்டே, நலிந்து கிடந்த ஹரிதாஸ் முந்த்ராவின் 6 நிறுவனங்களில் எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய் முதலீடு செய்தது. அதன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலேயே இது நடந்தது. பாலிசிதாரர்களின் பணம் அது. 1957 டிசம்பரில் மக்களவையில் இதைக் கிளப்பியவர் ஃபெரோஸ் காந்தி, ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரணையை மக்கள் முன்னிலையில் நடத்தி விரைவாக முடித்தார். நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

நாட்டுடைமையான நிறுவனங்களை நாடாளுமன்றம் எப்படிக் கவனிப்பது என்று வி.கே. கிருஷ்ண மேனன் தலைமையிலான காங்கிரஸ் குழு ஆராய்ந்து எழுதியது. அதன் தொடர்ச்சியாக 1964-இல் பொதுத்துறை நிறுவனங்களுக்கான குழு அமைந்தது. இன்று அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையாத நிறுவனத்துக்குத் தணிக்கையாளரை சிஏஜியே நியமிக்கிறார், மேற்கொண்டு துணைத் தணிக்கையும் செய்யலாம். பங்கை விற்றுவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடம் போனதோடு இந்த வரம்பிலிருந்து வெளியேறியது. அதற்கு முன்பே, 2011-இல் சிஏஜி ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்த்து 111 விமானங்களை வாங்க முடிவெடுத்தது எப்படி, அதைப் பெரும்பாலும் கடனை நம்பியே செய்தது ஏன் என்று அதில் விரிவாக இருக்கிறது. பொதுத்துறைச் சீர்திருத்தம் என்றால் விற்பனை என்று மட்டும் பேசுகிறோம். முடிவு எந்த மேசையில் எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் இம்மாதிரி அறிக்கைகளைப் படித்துத் திருத்துவதும் சீர்திருத்தம்தான், அதைத்தான் நாம் குறைவாகச் செய்கிறோம்.

குழு பரிந்துரை கொடுத்ததும் அரசு 6 மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். தணிக்கை அறிக்கையில் குழு எடுத்துக்கொள்ளாத பத்திகளுக்கும் 4 மாதத்தில் விளக்கம் தர வேண்டும். அப்புறம் குழு இன்னோர் அறிக்கை போடும். எதை அரசு ஏற்றது, எதைக் குழு மேலும் வற்புறுத்தவில்லை, எந்தப் பதிலைக் குழு ஏற்கவில்லை, எதற்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை என்று அதில் பிரித்திருப்பார்கள். நேரம் குறைவாக இருப்பவர்கள் கடைசி இரண்டையும் மட்டும் படித்தால் போதும், அரசு எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிடும்.

பெரிய ஓட்டை தொடக்கத்திலேயே இருக்கிறது. சிஏஜி கொடுத்த அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று 151-ஆவது பிரிவு சொல்கிறது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. வைக்கும்வரை மக்களும் படிக்க முடியாது, குழுவும் தொட முடியாது. தில்லி சட்டப்பேரவையில் இப்படி 14 அறிக்கைகள் தேங்கி நின்றன. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் அவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பல மாநிலங்களில் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைப்பது வழக்கமாகிவிட்டது. வைத்த அன்றே கூட்டத்தொடர் முடிந்துவிடும், கேள்வி கேட்க ஆள் இருக்காது. இத்தனை நாளுக்குள் வைத்தாக வேண்டும் என்று ஒரு சட்டத்திருத்தம் போதும். பைசா செலவில்லாத சீர்திருத்தம் இது.

இன்னொன்றும் வேண்டும். நம் பொதுக் கணக்குக் குழுவுக்கு மூத்த உறவான பிரிட்டன் குழு 1861-இல் தொடங்கியது. அங்கே செயலாளர்களை விசாரிக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கின்றன, ஒளிபரப்பும் உண்டு. அரசு வழக்கமாக 2 மாதத்துக்குள் பதில் தருகிறது. இங்கே மக்களவை விதிப்படி குழுக் கூட்டம் மூடிய அறைக்குள்தான். பாதுகாப்புத் துறை போன்றவற்றுக்கு அது பொருந்தலாம். பள்ளிக் கழிப்பறை, மதிய உணவு, சாலை இவற்றைப் பற்றிச் செயலாளர் சொல்லும் பதிலை அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் நேரடியாகக் கேட்கக்கூடாது என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.