கவுன்டில 405, டெஸ்ட்ல 6: கிரேம் ஹிக் விஷயத்துல என்னதான் நடந்துச்சு?

1988 மே மாசம் டான்டன்ல கவுன்டினு சொல்ற இங்கிலாந்து உள்ளூர் கிரிக்கெட்ல, சோமர்செட்டுக்கு எதிரா வூஸ்டர்ஷையருக்கு ஆடின பையன் கிரேம் ஹிக் 405 நாட் அவுட், வயசு 21தான். அந்த மாசம் முடியறதுக்குள்ள சீசன்ல 1000 ரன்னையும் தாண்டிட்டாரு, தாண்டினது டூர் வந்த வெஸ்ட் இண்டீஸ் டீமுக்கு எதிரா அடிச்ச 172ல. ஜிம்பாப்வேல பிறந்தவர்ங்கறதால இங்கிலாந்துக்கு ஆட ஏழு வருஷம் காத்திருக்கணும், அதுக்குள்ள பேப்பர்காரங்க எல்லாம் அடுத்த பிராட்மேன் ரேஞ்சுக்கு ஏத்தி விட்டுட்டாங்க. 1991ல ஹெடிங்லில வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா முதல் டெஸ்ட்: 6, அடுத்த இன்னிங்ஸ்லயும் 6. அந்த சீரிஸ்ல 7 இன்னிங்ஸ்ல மொத்தமே 75 ரன், டீம விட்டு தூக்கிட்டாங்க.

'ஃபாஸ்ட் பவுலிங்னா பயம், ரிஃப்ளெக்ஸ் பத்தல'னு ஈஸியா சொல்லிட்டு போயிடலாம், ஆனா சயின்ஸ் அப்படி சொல்லல.

கணக்கு போட்டு பாருங்க. பவுலர் கைய விட்டு பேட்டுக்கு சுமார் 17.5 மீட்டர். 140 கிலோமீட்டர் ஸ்பீடுல வர்ற பந்துக்கு அதுக்கு அரை செகண்டுக்கும் கம்மிதான் ஆகும். கண்ணுல பட்டது கைக்கு போய் சேரவே 0.2 செகண்ட் போயிடும், இதுல டெஸ்ட் ப்ளேயருக்கும் நமக்கும் பெருசா வித்தியாசம் கிடையாது. குட் லெங்த்ல, அதாவது முன்ன போறதா பின்ன போறதானு பேட்ஸ்மேன குழப்பற தூரத்துல, பிட்ச் ஆன (தரையில குத்தின) பந்து அங்கேர்ந்து பேட்டுக்கு வர சுமார் 0.15 செகண்ட், அதாவது பிட்ச் ஆனப்புறம் பந்து என்ன பண்ணுதுன்னு பாத்து ஷாட்ட மாத்த டைமே கிடையாது. அப்போ பேட்ஸ்மேன் ஆடறது பாத்து இல்ல, கணிச்சு.

2000ல மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட்னு ரெண்டு பேர் பேட்ஸ்மேன் தலையில கேமரா மாட்டி கண்ணு எங்க போகுதுன்னு பாத்தாங்க. யாருமே பந்த கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டே பாக்கல. பந்து கிளம்பினத பாக்கறாங்க, உடனே கண்ணு ஒரு தாவு தாவி பந்து பிட்ச் ஆகப்போற இடத்துக்கு முன்னாடியே போய் காத்திருக்கு. நல்ல ஆட்டக்காரன்னா அந்த தாவல் சீக்கிரமே நடக்குது. பிட்ச் ஆகற இடத்தையும் நேரத்தையும் வெச்சு மூளை மீதிய போட்டுக்குது, எவ்ளோ எழும்பும், எப்போ வரும்னு. இந்த ஃபார்முலா பிறவில வர்றது இல்ல, அதுவரைக்கும் ஆடின ஆயிரக்கணக்கான பந்துலேர்ந்து சேர்ந்தது.

இப்போ ஹிக்குக்கு வருவோம். கவுன்டில தினம் ஆடினது பெரும்பாலும் மீடியம் பேஸும் ஸ்பின்னும், முன்கால போட்டு டிரைவ் பண்ணா போதும். ஆனா 1991ல எதிர்ல வெஸ்ட் இண்டீஸ் ஃபாஸ்ட் பவுலர் கர்ட்லி ஆம்ப்ரோஸ், 6 அடி 7 அங்குலம், கைய தூக்கினா பந்து கிளம்பறதே 8 அடிக்கு மேலேர்ந்து. அவ்ளோ உயரத்துலேர்ந்து செங்குத்தா இறங்கற பந்து அதே லெங்த்ல பிட்ச் ஆனாலும் அதிகமா எழும்பும், மத்தவங்க போட்டா தொடைக்கு வர்றது இவர் போட்டா நெஞ்சுக்கு வரும். ஹிக்கோட கண்ணு சரியான இடத்துக்கே தாவி இருக்கலாம், ஆனா பழைய ஃபார்முலா சொன்ன உயரம் தப்பு, அது தெரியறப்போ காலு ஏற்கனவே முன்னாடி போயாச்சு. மார்க்கெட்ல கிலோவுக்கு பழகின கை தராசு இல்லாம பவுன்ட் எடை போட்ட மாதிரி.

அப்போ 1988ல அடிச்ச அந்த 172? அதுவும் வெஸ்ட் இண்டீஸ்தானே? கரெக்ட், அதனாலதான் முழு பழியையும் பவுன்ஸ் மேல போட எனக்கு மனசு வரல. ஏழு வருஷ எதிர்பார்ப்போட இறங்கறப்போ, தானா நடக்கற ஷாட்ட யோசிச்சு யோசிச்சு ஆட ஆரம்பிச்சா டைமிங் கெட்டுடும்னு ஸ்போர்ட்ஸ் சைக்காலஜில நிறைய சொல்லியிருக்காங்க. அதே ஹெடிங்லில அறிமுகமான மார்க் ராம்பிரகாஷும் கவுன்டில மலை மாதிரி ரன் குவிச்சவர்தான், ஃபர்ஸ்ட் கிளாஸ்ல (கவுன்டி, டெஸ்ட் மாதிரி பல நாள் மேட்ச் எல்லாம் சேர்த்து) 114 செஞ்சுரி, டெஸ்ட் ஆவரேஜ் 27. ரெண்டு பேரையும் செலக்டர்ஸ் உள்ள வெளியனு ஆட்டிக்கிட்டே இருந்தாங்க, புது பவுலிங்குக்கு மூளை பழகணும்னா தொடர்ந்து ஆட விடணும்ல?

ஹிக்கோட முதல் டெஸ்ட் செஞ்சுரி 1993ல பம்பாய்ல, 178, எதிர்ல கும்ப்ளே கூட்டம். கடைசில ஹிக் 65 டெஸ்ட்ல 6 செஞ்சுரி, ஆவரேஜ் 31. ஃபர்ஸ்ட் கிளாஸ்ல 136 செஞ்சுரி, ஆவரேஜ் 52. இத ஃபெயிலியர்னு சொல்றவங்க 41,000 ரன்ன ஒரு தடவை எழுத்துக்கூட்டி படிச்சுட்டு சொல்லட்டும்.