பெயர்ப்பலகையில் பதிவு எண் இருக்கிறதா?

ஆசிரியை ஒருவர் என்னைப் பார்க்க வந்தபோது, கைப்பையிலிருந்து எட்டு ரசீதுகளை எடுத்து மேசைமீது தேதிவாரியாக அடுக்கினார். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ‘மனநல ஆலோசகர், சைக்கோதெரபிஸ்ட்’ என்று அச்சிட்டிருந்தது. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ஒரு வரி முழுக்க நீண்டிருந்தன. பதிவு எண் மட்டும் எதிலும் இல்லை. மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் இனி வேண்டாம் என்று அந்த ஆலோசகர் சொல்ல, இவரும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். தலைசுற்றலும் தூக்கமின்மையும் சேர்ந்து, இரண்டு வாரம் பள்ளிக்கே போக முடியவில்லை. அதைவிட அவரை நொறுக்கியது, அந்த அறைக்குள் அழுதபடி சொன்ன ஒரு விஷயம் அடுத்த வாரமே நாத்தனார் வாயிலிருந்து வந்ததுதான். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“லைசென்ஸ் இல்லாமலா மேடம் போர்டு வைப்பாங்க?” என்று கேட்டார். வைக்கிறார்கள் என்பதே வருத்தமான உண்மை. மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்து, மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த, நேரடி மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சியும் சேர்ந்த படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். அவருக்கு மருந்து எழுதவோ நிறுத்தவோ அதிகாரம் இல்லை. பதிவின்றி அந்தத் தொழிலைச் செய்தால், 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்த அபராதத் தொகை யாரையும் அச்சுறுத்தாது என்பது என் கருத்து. ‘கவுன்சலர்’ என்ற பெயரோ இந்த வேலிக்கு வெளியே நெடுங்காலம் கிடந்தது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் சில வகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்றாலும், அதற்கான பதிவு முறை மெதுவாகவே உருப்பெற்று வருகிறது.

பதிவு எண் இருப்பதால் மட்டும் ஒருவர் நல்ல சிகிச்சையாளர் ஆகிவிடமாட்டார். ஆனால், அவர் தவறு செய்தால் புகாருக்கு ஒரு முகவரி இருக்கும். பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்மீது மறுவாழ்வுக் கவுன்சிலுக்கு எழுதலாம். தொழில் ஒழுக்கக்கேடு உறுதியானால், அவர் தரப்பையும் கேட்டபின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க அதற்கு அதிகாரம் உண்டு. மனநல மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில். மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுபவர், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடமும், பதில் திருப்தி தராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் தவிர, சிகிச்சை பற்றிய ரகசியத்தைக் காக்கும் கடமையை மருத்துவத் துறையினர்மீது சுமத்துகிறது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவரை இந்த வழிகளில் பிடிப்பது கடினம்.

ஆசிரியைக்கு எஞ்சியிருந்த நேர்வழி நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிக்கொண்டு தந்த சேவையில் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. ஆனால் 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். அதனால்தான் ரசீதுகளை நான் தேதி பார்த்தேன். அவர் கையில் இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. மாத்திரைகளைத் தன் மருத்துவரின் மேற்பார்வையில் மீண்டும் தொடங்கி, தூக்கம் சீரான பிறகு, மனுவை அவரே தன் கைப்பட எழுதினார்.