பின்னங்கால் ஏன் வற்றுகிறது?

குளிப்பாட்டும்போதுதான் அது கண்ணில் பட்டது. எங்கள் லேப்ரடார் நாய் மணிக்கு அப்போது 11 வயது. ரோமம் நனைந்து உடம்போடு ஒட்டியதும், பின்தொடை இரண்டும் வற்றிப்போயிருந்தது தெரிந்தது. கையை வைத்தால் தொடை எலும்பு தட்டுப்பட்டது. தோளும் நெஞ்சும் மட்டும் முன்பைவிடத் திரண்டிருந்தன. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நானும் அப்படியே நம்பி ஆறு மாதத்தை வீணாக்கினேன்.

வயது ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணமாக இருப்பது குறைவு.

நாய் சும்மா நிற்கும்போது அதன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. பின்னங்கால்களின் முக்கிய வேலை உந்தித் தள்ளுவது. படுத்த இடத்திலிருந்து எழ, படியேற, சோபாவில் தாவ எல்லாவற்றுக்கும் பின்தொடைதான் வேண்டும். இடுப்பு மூட்டில் தேய்மானம் வந்து வலிக்கத் தொடங்கினால், நாய் கத்தாது. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் நொண்டக்கூடச் செய்யாது. மணியின் தோள் திரண்டது இதனால்தான்.

தசையின் கணக்கு கறாரானது. தசைப் புரதம் தினமும் உடைகிறது, தினமும் புதிதாகக் கட்டப்படுகிறது. சுமை விழும் தசையில் கட்டுமானம் ஈடுகொடுக்கும். சுமை குறைந்தால் உடைவது மிஞ்சிவிடும், நார்கள் மெலியும். வயதானால் எந்த நோயும் இல்லாமலே இந்தக் கட்டுமானம் மந்தமாகிறது. இதற்குச் சார்கோபீனியா என்று பெயர். மூட்டை இறுக்கிப் பிடித்து அதிர்வைத் தாங்குவதும் இதே தசைதான். அது மெலிந்தால் மூட்டு இன்னும் ஆட்டம் காணும், வலி கூடும், நாய் இன்னும் குறைவாக நடக்கும். இந்தச் சுழலில் மாட்டிய நாயைத்தான் நாம் "கிழடாயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

பின்னங்கால் வற்ற இன்னொரு வழியும் உண்டு. அதில் மூட்டு நன்றாக இருக்கும், நரம்புதான் கெடும். ஜெர்மன் ஷெப்பர்ட், பாக்ஸர், கோர்கி போன்ற இனங்களில் பெரும்பாலும் 8 வயதுக்குமேல் வரும் டிஜெனரேட்டிவ் மைலோபதி என்ற நோயில், முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பிழைகள் சிதைகின்றன. பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போகாது. வலி இருக்காது. நடக்கும்போது நகம் தரையில் உரசி 'சரக் சரக்' என்று கேட்கும், நடு இரண்டு விரல்களின் நகம் தேய்ந்திருக்கும், இடுப்பு தள்ளாடும். இதோடு தொடர்புள்ள எஸ்ஓடி1 மரபணு மாற்றம் 2009ல் கண்டறியப்பட்டது. மனிதர்களுக்கு வரும், நரம்பு சிதைந்து தசை செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயின் ஒரு வகைக்கும் இதே மரபணுதான் காரணம்.

கடைசியில் கால்நடை டாக்டரிடம் போனபோது, அவர் மணியின் பின்பாதத்தை மெதுவாக மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். அது உடனே பாதத்தைத் திருப்பி நேராக வைத்துக்கொண்டது. நரம்பு கெட்டிருந்தால் அப்படியே விட்டுவிடும், அல்லது தாமதமாகத் திருப்பும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு (டிஸ்க்) நரம்பை அழுத்தினாலும் இப்படி ஆகலாம். அதனால் வீட்டில் செய்து பார்த்து நாமே முடிவுகட்டக் கூடாது. எக்ஸ்ரேயில் மணிக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்தது.

திடீரென்று ஒரே நாளில் பின்னங்கால் விழுந்துவிட்டால் அது அவசரம். அன்றே ஓடுங்கள். அப்புறம், நாம் போடும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது தரை. வழவழப்பான டைல்ஸில் கால் விரிந்து வழுக்கிய நாய் அடுத்த தடவை எழவே தயங்கும். நாங்கள் ரப்பர் மேட்டையும் பழைய கோணிச் சாக்கையும் விரித்தோம். ஒரே நீள வாக்கிங்கை மூன்று சின்ன நடைகளாகப் பிரித்தோம். உட்காரவைத்து எழவைப்பதை வேளைக்கு ஐந்து முறை செய்கிறோம். தொடைக்கு அது நல்ல வேலை. வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் அதற்குத் தேவை கூடத்தான் செய்கிறது.

எடை விஷயத்தில் எனக்குத் தயவே இல்லை. பூரினா நிறுவனம் 48 லேப்ரடார் குட்டிகளை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002ல் வெளியானது. மற்றவற்றைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்கு வெகு தாமதமாகத்தான்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, தையல் டேப்பை எடுத்து மணியின் தொடையை ஒரே இடத்தில் சுற்றி அளந்து காலண்டரில் குறிக்கிறேன். நான்கு மாதமாக அளவு குறையவில்லை.