வயிற்றில் பை, கையில் உப்புக் கஞ்சி

"பெருங்குடலை எடுத்து வயிற்றில் பை வைத்து நாலு மாசமாச்சு அண்ணே. முன்னாடி விடிகாலையில் வெண்ணாற்றங்கரையில் ஓடுவேன். இப்போ கொஞ்சம் ஓடினாலே தலை சுத்துது, தண்ணி குடிக்கக் குடிக்கப் பைதான் நிறையுது. இனிமே ஓட முடியுமா?" நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

ஓடலாம் தம்பி. அறுவை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிறுகுடலின் நுனியை வெளியே எடுத்து மலம் சேரும் பையை மாட்ட வயிற்றுத் தசையில் துளை போட்டிருப்பதால் பக்கத்தில் குடலிறக்கம் வரலாம், நெல் மூட்டை தூக்குவதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். கிளம்பும் முன் பையைக் காலி செய்யுங்கள், நம்ம ஊர் வேர்வைக்கு ஒட்டு பிடி விடும், அதனால் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் சுலபம். நீங்கள் சொன்ன அந்தத் தண்ணீர் விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

சிறுகுடலிலிருந்து தினமும் ஒரு லிட்டருக்கு மேல் உப்புநீர் பெருங்குடலுக்கு வரும், அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பிவிடும். உங்களுக்கு அந்தக் கடைசி மடை இல்லை. பையில் சேரும் ஒரு லிட்டரோடு ஏறக்குறைய 6 கிராம் உப்பு போய்விடுகிறது, ஓடும்போது வேர்வையில் போவது தனி. (பெருங்குடலின் பெரும்பகுதி மிஞ்சி, அதன் நுனியிலேயே பை வைத்திருக்கும் கொலோஸ்டமிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை.)

சரி, தண்ணீர் குடித்தால் ஏன் சரியாகவில்லை? சிறுகுடலின் மேல்பகுதிச் சுவர் நண்டு வளை விழுந்த வரப்பு மாதிரி, செல்களுக்கு நடுவே கசியும். உப்பில்லாத வெறும் தண்ணீர் உள்ளே வந்தால் ரத்தத்திலிருக்கும் சோடியம் அந்த இடுக்குகள் வழியாகக் குடலுக்குள் இறங்கும். போன உப்பைக் கீழே மீட்க ஆளில்லை, அது தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பைக்குப் போகிறது. குடிக்கக் குடிக்க வறட்சி!

இதற்கு மாற்று வழி அதே சிறுகுடலின் செல்களில் இருக்கிறது. எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு புரதம், கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆள் சேராமல் நகராத ஷேர் ஆட்டோ மாதிரி. ரெண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ், மூன்று பேரும் ஏறினால்தான் வண்டி உள்ளே போகும். சர்க்கரை மட்டும் வந்து நின்றால் போகாது, உப்பு மட்டும் வந்தாலும் போகாது. மூவரும் உள்ளே இறங்கியதும் அவர்கள் பின்னாலேயே தண்ணீர் தானாக வந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

உப்பும் சர்க்கரையும் ஒன்றாகத்தான் போகின்றன என்று ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1960இல் பிராக் நகரில் ஒரு கூட்டத்தில் சொன்னார், காலரா அவர் கேள்வியே இல்லை. 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். "இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் தருவோம் என்கிறவர்கள் இந்த ரெண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆக, உங்களுக்கு வேண்டியது அதே உப்பு-சர்க்கரைக் கரைசல், ஓஆர்எஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். பை ரொம்ப நிறைகிறவர்களுக்கு மருத்துவர் இன்னும் உப்பு கூட்டச் சொல்லலாம். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பாதீர்கள். உப்பு போட்ட வடிகஞ்சி நல்லது, அதிலிருக்கும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து அந்த ஆட்டோவில் ஏறிக்கொள்ளும்.

ஓடும் முன் கொஞ்சம், நடுவில் மடக்கு மடக்காக, வந்ததும் கொஞ்சம். சிறுநீர் அடர்மஞ்சளாகவே போனாலும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பை நிறைந்தாலும், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே ஒரு பாட்டிலோடு கோரையாறு தலைப்பு வரை போய்வாருங்கள், பாதி நடை, பாதி ஓட்டம். அப்புறம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.