ரசனை இருக்கிறது சரி, ரசீது இருக்கிறதா?

மறுபடியும் ஒரு அக்ரிலிக் ஓவியம். அடர்நீலப் பரப்பு முழுக்க வட்ட வட்டமாகத் தடம். கண்காட்சி முடிந்ததும் பபிள் ராப்பை நேராகப் படத்தின் மேலேயே சுற்றி, வெயிலில் நின்ற வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். சூட்டில் அக்ரிலிக் வண்ணம் இளகிக் குமிழ் பதிந்துவிட்டது, துடைத்தால் போகிற கறை இல்லை அது. ஓவியர் கேட்டதற்கு, "வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றாராம் கண்காட்சியை அமைத்த க்யூரேட்டர். இருந்ததா இல்லையா என்று யார் சொல்வது? வந்த அன்று ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. இந்த மாதிரிப் பஞ்சாயத்து என்னிடம் வருவது முதல் தடவையும் இல்லை.

க்யூரேட்டர் தொழிலுக்கு வர ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள்: "எனக்கு நல்ல ரசனை, படம் தேர்ந்தெடுத்து மாட்டத் தெரியும்." ஐயா, தேர்ந்தெடுப்பது சில நாள் வேலை. மிச்ச மாதமெல்லாம் கடிதம், ஒப்பந்தம், பட்ஜெட், லாரி, காப்பீடு, இரவு பத்து மணிக்கு ஆணி. க்யூரேட்டர் என்றதும் "கிரிக்கெட் பிட்ச் பார்க்கிறவரா?" என்று கேட்கிறவர்கள்கூட உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கே பேணுவது என்றுதான் பொருள். அடுத்தவர் பொருள் நம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொன்னால் உடனே, ரசனைக்குப் பேர்போன சுவிஸ் க்யூரேட்டர் ஹரால்ட் ஸீமானை இழுப்பார்கள். அவர் 1969-ல் பெர்ன் நகரக் கலைக்கூடமான குன்ஸ்ட்ஹாலேயை விட்டு வெளியேறித் தனியாகக் கண்காட்சி அமைக்கத் தொடங்கினார், உண்மைதான். 1961 முதல் அதே இடத்தின் இயக்குநராகக் கணக்கு வழக்கோடு மல்லுக்கட்டியவர் என்பது மட்டும் யார் வாயிலும் வராது. அவர் விட்டுப்போன கடிதங்களையும் கோப்புகளையும் 2011-ல் அமெரிக்காவின் கெட்டி கலை ஆய்வு நிறுவனம் வாங்கியது. அத்தனை காகிதம் சேர்த்தவர் அவர்!

சரி, செய்யவேண்டியது இதுதான். பெட்டியைத் திறக்கும்போதே கண்டிஷன் ரிப்போர்ட், அதாவது படம் எந்த நிலையில் வந்தது என்ற குறிப்பு, எழுதுங்கள்: முன், பின், நான்கு மூலை, சட்டம், அப்புறம் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு போட்டோ, ஏனென்றால் பள்ளமும் விரிசலும் அதில்தான் தெரியும். திருப்பி அனுப்பும்போதும் அதே வரிசை, இரு தரப்புக் கையெழுத்து. காப்பீட்டைக் கேலரியில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் எடுத்துவிட்டு, வழியில் உடைந்தபின் வானத்தைப் பார்க்காதீர்கள். ஓவியரின் சுவரில் கழற்றியதிலிருந்து அங்கேயே திரும்ப மாட்டும்வரை எடுங்கள். நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும், போட்டோவில் பளிச்சென்று வரவேண்டும் என்று ஸ்பாட்லைட்டைத் திருப்பாதீர்கள், மங்கிய நிறம் திரும்பாது. அக்ரிலிக் பரப்பில் முதலில் சிலிகான் பூசிய காகிதம், பபிள் ராப் அதற்கு வெளியே, குமிழ் வெளிப்பக்கம் பார்த்து.

ஓவியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூச்சப்படாதீர்கள். விற்றால் யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் திரும்பும் செலவு யாருடையது? மூன்றே வரி. அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் படத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

அந்த நீல ஓவியம் இப்போது பழுது நீக்குபவரிடம் இருக்கிறது. பில் யார் தலையில் என்று இன்னும் முடிவாகவில்லை.