மலையேற்றத் திட்டத்தை மதிய மழையிலிருந்து தொடங்குங்கள்

வெப்பமண்டல நாடு ஒன்றுக்கு மலையேறப் போகிறோம், என்னென்ன ஊசி போட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், ஊசிக்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குத் தங்குமிடம் போய்ச் சேருவீர்கள்? பதில் பெரும்பாலும் கிலோமீட்டரில்தான் வரும். முதல் நாள் பன்னிரண்டு, மறுநாள் பதினாறு. இணையத்தில் யாரோ போட்ட அட்டவணையைப் பார்த்து எழுதியிருப்பார்கள். மணிக்கணக்கை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பயணம் முடிந்து நோயாளியாகத் திரும்பி வருகிறவர்களின் கதையைக் கேட்டால், அதில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பிற்பகலில்தான் தொடங்கியிருக்கும்.

காரணம் எளிது. இந்த மலைகளில் விடியற்காலை வானம் துல்லியமாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகளில் இருக்கும் ஈரக்காற்று சூடாகி மேலே கிளம்பும். முற்பகலிலேயே மேகம் கட்டும். மதியம் தாண்டினால் இடியோடு கொட்டும். மழைக்காலம் இல்லாத மாதங்களிலும் இப்படி நடக்கும். அதோடு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சமும் நீடிக்காது. மறைந்து அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே நடப்பவருக்கு அதற்கும் முன்பே இருட்டு. ஆக, நிம்மதியாக நடக்கக் கிடைக்கும் நேரம் விடிந்ததிலிருந்து மதியம் வரைதான். திட்டத்தை அந்த நேரத்துக்குள் அடக்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நடைக் கணக்குக்கு ஒரு பழைய விதி உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் நடை, 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் நாலரை மணி நேரம். ஆனால் அது குளிர்ந்த நாட்டில், தெளிவான பாதையில், நல்ல தேகக்கட்டு உள்ளவருக்கான கணக்கு. வேர்களும் சேறும் வழுக்குப் பாறையுமாக இருக்கும் மழைக்காட்டில், முதுகில் சுமையோடு போகிறவருக்கு அதை இரண்டால் பெருக்கச் சொல்வேன். நாலரை ஒன்பதாகிவிடும். காலை ஐந்து மணிக்கே கிளம்பினாலும் பிற்பகல் இரண்டு. அதாவது, மழை கொட்டும் நேரத்தில் கடைசி ஏற்றத்தில் நிற்பீர்கள். இப்படி வந்தால் அந்த ஒரு நாள் நடையை இரண்டாகப் பிரிப்பதுதான் சரி. கால்வலி மாத்திரையை நம்பி ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

உச்சிக்குப் போய்த் திரும்பும் நாளாக இருந்தால், திரும்பும் நேரத்தை முந்தைய இரவே முடிவு செய்துவிடுங்கள். பத்தரை என்றால் பத்தரை. எங்கே நிற்கிறோம் என்பது கணக்கில்லை, திரும்ப வேண்டியதுதான். மேலே போன பிறகு பேசி முடிவெடுக்கலாம் என்றால் அது நடக்காது. களைப்பிலும் ஆசையிலும் இருக்கும் மூளை எப்போதும் "இன்னும் அரை மணி நேரம்தானே" என்றுதான் சொல்லும். உள்ளூர் வழிகாட்டி போதும் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் குழுவில் எல்லோரும் கிளம்பும் முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எந்த மாதம் போகலாம் என்பதற்கு நாட்டின் சராசரி மழையளவு உதவாது. ஒரே மலையின் ஒரு பக்கம் மழையில் நனையும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பல இடங்களில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. நீங்கள் ஏறப்போகும் சரிவுக்கு, அந்த மாதத்துக்கு என்று குறிப்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உடம்புக்கு வருவோம். வெப்பமண்டல மலை ஒரே நாளில் இரண்டு எதிரெதிரான ஆபத்துகளுக்குள் உங்களை அனுப்புகிறது. காலையில் அடிவாரத்தில் வெப்பம், மாலையில் மேலே குளிர். பலரும் முதலாவதற்கு மட்டும் தயாராக வருகிறார்கள்.

அடிவாரக் காட்டில் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். வியர்த்தும் உடம்பு குளிராது. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், குளிர்நாட்டிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ வருகிறவர் இறங்கிய மறுநாளே மிகக் கடினமான ஏற்றத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. கூட நடப்பவர் திடீரென்று எரிந்து விழுந்தால், பதில் பொருந்தாமல் பேசினால், தள்ளாடினால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். அந்த நிலையில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்து வந்தவருக்கு வியர்வை வழிந்துகொண்டேகூட இருக்கும். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் குளிர வைக்க வேண்டும். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க ஓடைத் தண்ணீரை ஊற்றி, கையில் கிடைத்ததை வைத்து விசிறுங்கள். குளிர்விப்பதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. பயத்தில் மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகிறவருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, பிறகு குழப்பம். பார்க்கிறவர்கள் நீர் வற்றிவிட்டது என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். தாகத்துக்குக் குடியுங்கள், இடையிடையே உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் சில பையில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரையோ பீட்டா பிளாக்கரோ எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அப்புறம் குளிர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கடற்கரையில் 30 டிகிரி இருக்கும்போது, 4,095 மீட்டர் உயரமுள்ள மலேசியாவின் கினபாலு மலை உச்சியில் கணக்குப்படி ஐந்து டிகிரிகூட இருக்காது. அங்கே நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நிற்பவரின் உடல் வேகமாகச் சூட்டை இழக்கும். குளிர் ஏறத் தொடங்குவது விரல்களில் தெரியும். ஜிப்பை இழுக்க முடியாமல் தடவுவார், சாக்லேட் உறையைப் பிரிக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார், பேச்சு குழறும். நடுக்கம் இருக்கும் வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். ஈரம் மாறாமலே நடுக்கம் நின்றுபோனால் அதைத் தேறிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுதான் மிக ஆபத்தான கட்டம்.

இதற்கு நான் சொல்லும் ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான், பலருக்கும் பிடிக்காது. ஒரு முழு ஜோடி உலர்ந்த உடையும் சாக்ஸும் பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டி வைத்திருங்கள். அது தங்குமிடத்தில் போட்டுக்கொள்ள மட்டும். அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. காலையில் எழுந்ததும் நேற்று நனைந்த உடையையே திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். முதல் ஐந்து நிமிடம் கொடுமையாகத்தான் இருக்கும், நடக்க ஆரம்பித்தால் சரியாகிவிடும். உலர்ந்த ஜோடியை ஆசைப்பட்டு காலையில் போட்டுக்கொண்டவர் அன்று இரவு எல்லாமே நனைந்து உட்கார்ந்திருப்பார். இரவு முழுக்கப் பாதம் உலர்ந்திருந்தால் தோல் வெளுத்து ஊறி உரிவதும் பெருமளவு குறையும்.

2,500 மீட்டருக்கு மேல் தூங்குவதாக இருந்தால், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயையும் கணக்கில் சேருங்கள். கடல்மட்டத்தில் காலை உணவு சாப்பிட்டவர், வண்டியும் நடையுமாக அன்று இரவே 3,000 மீட்டருக்கு மேல் படுத்துவிடக்கூடிய மலைகள் வெப்பமண்டலத்தில் இருக்கின்றன. உடம்புக்குப் பழக நேரமே கிடைப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவுக்கு நாள் குறைவான திட்டம் மலிவாகத் தெரியும்; அதை எடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறக் கூடாது. ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்ட வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் துணையோடு கீழே இறக்க வேண்டும். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை யாருக்குத் தேவை, யாருக்கு ஆகாது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கூடவே, பயணக் காப்பீட்டின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடந்தால் செல்லாது என்ற விதி பல பாலிசிகளில் இருக்கிறது.

மழையின் அடுத்த வேலை ஆற்றில். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமல், மேலே பெய்த மழையில் மட்டுமே பெருகி வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், உடனே கரையேறி உயரத்துக்குப் போய்விடுங்கள். முழங்கால் அளவு வேகமான நீரே ஆளைத் தள்ளிவிடும். கடக்கத்தான் வேண்டும் என்றால் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். ஆனால் பெரும்பாலும் காத்திருப்பதே போதும். சின்ன மலை ஓடைகள் பெருகியதைப் போலவே சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மறுநாள் விமானம் பிடிக்க வேண்டியவரால்தான் காத்திருக்க முடியாது. அதனால் நடைப்பயணத்தின் கடைசி நாளுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு வெற்று நாளாவது விடச் சொல்லி நான் வற்புறுத்துவேன். மழைநாட்டில் அந்த வெற்று நாள் எந்த மருந்தையும்விட அதிக உயிரைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது நொடிக்குள் இருந்தால் முகடுகளையும் தனி மரங்களையும் விட்டு இறங்கிவிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். ஹெலிகாப்டரை நம்பித் திட்டம் போடாதீர்கள். பிற்பகல் மேகத்துக்குள் அது பறக்காது, அடிபட்டவரை ஆட்கள்தான் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் அடையாளம்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கேட்கிறார்கள், அதுதான் ஆபத்தில் கடைசி. நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுத்துவிட்டு, அழுத்திப் பிடித்துக் கட்டுப் போடுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

என் அறைக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் காய்ச்சல்தான். 2000ல் போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலமான சபாவில் ஈகோ சேலஞ்ச் என்ற சாகசப் போட்டி நடந்தது. 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு தொடர்புகொண்டு விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்கான அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று விசாரணையில் தெரிந்தது. விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீர் தோலில் இருக்கும் சின்னச் சிராய்ப்பில் பட்டாலே போதும், இந்த நோய் தொற்றிவிடும். காயத்தை நீர் புகாதபடி மூடுங்கள், வெள்ளம் வந்த ஆற்றில் குளிக்காதீர்கள். தவிர்க்க முடியாது என்றால் தடுப்பு மாத்திரை பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

உண்ணிக் காய்ச்சலை இன்னும் எளிதாகத் தவறவிட்டுவிடுவோம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. இடுப்புப் பட்டைக்குக் கீழே, அக்குளில், தொடை இடுக்கில் ஒளிந்திருக்கும். நோயாளிக்கே தெரிந்திருக்காது. உடையைத் தளர்த்தித் தேடினால்தான் கண்ணில் படும். கண்டுபிடித்துவிட்டால் சரியான மருந்துக்கு பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே காய்ச்சல் இறங்கிவிடும்.

எலிக்காய்ச்சல் வெளிப்பட ஒரு மாதம் வரை ஆகலாம். மலேரியா குறைந்தது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும், சில வகை மாதக்கணக்கில் கழித்தும் வரும். மலேரியா தடுப்பு மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டியது அதனால்தான். எந்தத் தேதியில் எங்கே தூங்கினீர்கள், எந்த ஆற்றில் இறங்கினீர்கள், என்ன கடித்தது என்பதையெல்லாம் போகும்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காமல், அன்றே அந்தத் தாளோடு மருத்துவமனைக்குப் போங்கள். கேட்பதற்கு முன்பே "வெப்பமண்டலக் காட்டுக்குப் போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். முதல் ரத்தப் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முறை பார்த்து இல்லை என்று வந்ததை வைத்து மலேரியாவை ஒதுக்கிவிட முடியாது.